வலது கன்னத்தில் ஒரு மச்சம்

மூன்று தடவை படித்தும் அதே வரிதான் இருந்தது. ஜோனத்தான் கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நான்காவது தடவை படித்தான்.

மாற்றுச் சான்றிதழ். அங்க அடையாளங்கள். ஒன்று, வலது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு.

அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. விரல் வழுக்கியது. அங்கே மச்சம் இல்லை. நேற்று சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புண்ணும், அதன் மேல் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டதுபோல் பெட்ரோலியம் ஜெல்லியும்தான் இருந்தன.

ஜோனத்தானுக்கு வயது இருபத்தைந்து. வீடு ஊரப்பாக்கத்தில். தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் நடக்கும் போட்டித் தேர்வு மாலை வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து, இந்தத் தடவை தேறிவிட்டான். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் செங்கல்பட்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதைத் தாண்டினால் வேலை. தாண்டாவிட்டால் மறுபடியும் அதே மாடி, அதே பெஞ்சு.

எதையும் இரண்டு தடவை யோசித்து, மூன்றாவது தடவை சந்தேகப்பட்டு, நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்கிற பையன் அவன். சந்தேகப்படாமல் அவன் வாழ்க்கையில் செய்த காரியங்கள் இரண்டே இரண்டுதான். இரண்டும் இந்த ஒரு வாரத்தில் நடந்தன. ஒன்று, கூரியர் கம்பெனி வேலையை ராஜினாமா செய்தது. இன்னொன்று, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போய் மச்சத்தை எடுத்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து அவன் பெயர் மிளகு. கூரியர் கம்பெனியிலும் எப்படியோ தெரிந்து அங்கேயும் மிளகு. போகிற புது ஆபீஸிலாவது தன்னை யாரும் ரசத்தில் போடுகிற சாமானின் பெயரால் கூப்பிடக் கூடாது என்று நினைத்தான். அதில் என்ன தப்பு?

தப்பு இப்போது கையில் இருந்தது. பள்ளிக்கூட முத்திரையோடு.

பரவாயில்லை, இரண்டாவது அடையாளம் இருக்கிறதே என்று பேண்ட்டைச் சுருட்டினான். இடது முழங்கால் குழந்தையின் கன்னம்போல் இருந்தது. வலது முழங்காலையும் பார்த்தான். சந்தேகம் வந்து மறுபடி இடது முழங்காலைப் பார்த்தான்.

"அம்மா, பத்தாவது படிக்கும்போது சைக்கிள்லேருந்து விழுந்தேன் இல்ல? அந்தத் தழும்பு எங்கே?"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரத்தினபாய் பெருமையாக நிமிர்ந்தாள்.

"ஆறு மாசம் விடாம வாசலின் தடவினேன்டா. சுவடு தெரியுதா பாரு!"

தெரியவில்லை. தெரியாது. ரத்தினபாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குதிகால் வெடிப்பு, கதவுக் கீல், சிக்கிக்கொண்ட ஜிப்பு, விரலைவிட்டு வர மறுக்கும் மோதிரம், வேதாகமத்தின் தோல் அட்டை எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் ஒரே மருந்துதான். "காயாம பாத்துக்கங்க, ஒரு நாளைக்கு மூணு வேளை ஜெல்லி வைங்க" என்று டாக்டர் சொன்னபோது, தன் இருபத்தைந்து வருட வைத்தியத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதென்று ரத்தினபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வேளை என்றதை அவள் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஜோனத்தான் மாடிப்படிக்குப் போய் கிளினிக்குக்குப் போன் போட்டான்.

"ஸ்கின் கிளினிக். பிளஸ்ஸி பேசறேன்."

"நேத்து மச்சம் எடுத்தேன். ஜோனத்தான்."

"சொல்லுங்கண்ணா. வாசலின் வெக்கிறீங்களா? பொருக்கு தட்ட விடாதீங்க."

"வெக்கிறேன். அந்த எடுத்த மச்சம் இருக்கா?"

"எங்கேண்ணா?"

"உங்ககிட்ட."



"அண்ணா, அது லேசரு. பொசுக்கியாச்சு. நீங்களே 'ஏதோ கருகுற வாசனை வருது, யார் வீட்டுலயோ பால் பொங்கிடுச்சு'ன்னு சொன்னீங்களே. அதுதான் உங்க மச்சம்."

"சரி, மச்சம் இருந்துச்சுன்னு டாக்டர் ஒரு லெட்டர் தருவாரா?"

"டாக்டர் வெளியூர் போயிருக்காரு. அடுத்த வாரம் சனிக்கிழமைதான் வருவாரு."

"எனக்கு வியாழக்கிழமை வேணுமே! அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"அதுவரைக்கும் வாசலின் வைங்கண்ணா" என்று சொல்லி பிளஸ்ஸி போனை வைத்துவிட்டாள்.

அடுத்து விக்கி. மூன்று வருடமும் மாலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன். மூன்று தேர்விலும் தேறாதவன். அவன் அப்பா துளசிங்கத்துக்கு ஊரப்பாக்கத்தில் இரண்டு கல்யாண மண்டபம் இருந்ததால் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாதவன். ஸ்டேஷன் ரோட்டு ஜூஸ் கடையில் வைத்து விஷயத்தைக் கேட்டான். சர்பத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"மொளவு, ஒன் வேல போச்சுடா."

"ஏன்டா பயமுறுத்துற?"

"பின்ன இன்னாடா? பேப்பர்ல மச்சம் கீது, மூஞ்சில இல்ல. யாரோ ஒருத்தன் சர்ட்டிபிகேட்ட எட்த்துகினு எவனோ ஒருத்தன் வந்துகிறான்னு தான நெனப்பாங்க? ஆள் மாறாட்டம். நேரா உள்ள தான்."

ஜோனத்தான் சர்பத்தைத் தள்ளி வைத்தான்.

"டேய், அழுவாத. டாக்டர் இன்னா சொன்னாரு? பொருக்கு தட்ட விடாதன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"ஏன் சொன்னாரு?"

"தட்டினா அடையாளம் விழுந்துடும்னு."

"இப்ப ஒனக்கு இன்னா வோணும்?"

ஜோனத்தான் யோசித்தான். "அடையாளம்."

"அவ்ளோதான்டா! ஜெல்லிய நிறுத்து. நல்லா காயட்டும். கருப்பா பொருக்கு கட்டும். தூரத்துலேருந்து பாத்தா மச்சம், கிட்டேருந்து பாத்தாலும் மச்சம்."

மூன்று வருடத்தில் விக்கி சரியாகப் பதில் சொன்ன முதல் கேள்வி இதுதான் என்று ஜோனத்தானுக்குப் பட்டது. அன்று மத்தியானமே கன்னத்தைத் துடைத்து, ஃபேனுக்கு நேராகக் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். விழித்துக் கன்னத்தைத் தொட்டால் விரல் வழுக்கியது.

"அம்மா! என் மூஞ்சில கை வெச்சியா?"

"காஞ்சு போய்க் கிடந்துதுடா. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"இனிமே வெக்காதே."

"சரி, வெக்கல" என்றாள் ரத்தினபாய். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது ஒரு தடவை வைத்தாள். அவன் செருப்பு மாட்டக் குனிந்தபோது ஒரு தடவை வைத்தாள். குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் மட்டும் நீண்டு வந்து வைத்துவிட்டுப் போனது. அவன் துடைப்பதும் அவள் வைப்பதுமாக வெள்ளிக்கிழமை வந்தபோது, காயத்தின் மேல் பாதி காய்ந்து அவன் கட்சியிலும், கீழ்ப் பாதி பளபளவென்று அம்மா கட்சியிலும் இருந்தது.

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். டி.சி.யைக் காட்டினான். ஆள் மாறாட்டம் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

ரத்தினபாய் பயப்படவில்லை. "இதுக்கா இப்படி முழிக்கிறே? நம்ம சர்ச் ஐயாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டாப் போச்சு. பத்து வருஷமா உன் மச்சத்தை வாராவாரம் பார்க்கிறவர். அவர் எழுதிக் கொடுத்தா கவர்மென்ட் இல்லேன்னு சொல்லிடுமா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்த போதகர் ஜெபசீலனை ரத்தினபாய் வாசலில் மடக்கினாள்.

"ஐயா, நம்ம ஜோனாவோட கன்னத்துல மச்சம் ஒண்ணு இருந்துது இல்லீங்களா, அதை எடுத்துட்டோம். வியாழக்கிழமை செங்கல்பட்டுல பார்த்துச் சொல்றாங்க. என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. நீங்கதான் மனசு வைக்கணும்."

"கர்த்தர் பார்த்துக்குவாரும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அறிவிப்பு நேரம் வந்தது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி, பெண்கள் ஐக்கியக் கூட்டம் எல்லாம் முடித்துவிட்டு, போதகர் குரலைத் தாழ்த்தினார்.

"நம்முடைய வாலிபத் தம்பி ஜோனத்தானின் கன்னத்திலிருந்து ஒரு மச்சத்தை எடுத்திருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை செங்கல்பட்டில் அதைப் பார்த்து முடிவு சொல்லுவார்கள். அந்தக் குடும்பத்துக்காக சபையார் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்."

அறிவிப்பில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் செங்கல்பட்டு என்றால் ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெரிய ஆஸ்பத்திரி. எடுத்த மச்சத்தை அங்கே பார்க்கிறார்கள் என்றால் புற்றுநோய். முன்வரிசையில் யாரோ "ஐயோ, இந்த வயசுலயா" என்றார்கள். ஜோனத்தான் எழுந்து நின்று "அது வந்து, சர்ட்டிபிகேட்..." என்று தொடங்குவதற்குள் எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் அவனை முற்றுகையிட்டார்கள். எண்ணெய்ப் பளபளப்போடு இருந்த கன்னத்தைப் பார்த்து "முகத்துல ஒரு தேஜஸ் வந்திருக்கு பாத்தீங்களா, போகப்போறவங்களுக்குத்தான் இப்படி வரும்" என்று ஒரு குரல் கேட்டது. ஓய்வுபெற்ற தபீதாள் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் இடது கன்னத்தைத் தடவினார். பத்தாம் வகுப்பில் அவனுக்கு வகுப்பாசிரியை அவர்தான்.

"உன் அங்க அடையாளத்தை எழுதினதே நான்தானேடா. மேலேருந்து அவசரமா கேட்டாங்க. ரெஜிஸ்டரைத் திறந்து வெச்சுக்கிட்டு நிமிர்ந்தேன், முன் பெஞ்சுல நீ உட்கார்ந்திருந்தே. உன் மூஞ்சியைப் பார்த்துதான் எழுதவே ஆரம்பிச்சேன். முழங்கால்ல வேற கட்டுப் போட்டிருந்தே. மளமளன்னு வேலை முடிஞ்சுது!"

ஜோனத்தானுக்கு உயிர் வந்தது. "டீச்சர், அதையே ஒரு லெட்டரா எழுதித் தர முடியுமா? அன்னிக்கு எப்படிப் பார்த்து எழுதினீங்கன்னு?"

டீச்சரின் கை கன்னத்தைவிட்டு இறங்கியது. "லெட்டரா? அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்போ? முதல்ல நீ உடம்பைப் பாரு" என்று சொல்லி, மூட்டுவலிக்காரர் என்று நம்ப முடியாத வேகத்தில் படியிறங்கிப் போய்விட்டார்.

ரத்தினபாய் மறுபடி போய்க் கேட்டதும் போதகர் கடிதம் கொடுத்தார். சபை அலுவலகக் கம்ப்யூட்டரில் நற்சாட்சிக் கடிதத்துக்கென்று ஏற்கெனவே ஒரு மாதிரிப் படிவம் இருந்தது. கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது. அதில் பெயர் இருக்கும் இடத்தில் மச்சத்தைப் போட்டு, மற்றதைத் திருத்த நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜோனத்தான் வீட்டுக்கு வந்துதான் படித்தான்.

'திரு. ஜோனத்தானின் வலது கன்னத்து மச்சத்தை நான் பத்து வருடங்களாக அறிவேன். மேற்படி மச்சம் நற்குணமுள்ளது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வரும். குடி முதலிய தீய பழக்கங்கள் எதுவும் இல்லாதது.'

"நல்லாத்தானே எழுதியிருக்கார்?" என்றாள் ரத்தினபாய்.

திங்கட்கிழமையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரொட்டி, ஆப்பிள், சத்துமாவு. ஒருவர் இளநீர்க் குலையையே கொண்டுவந்தார். அவன் எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்பவில்லை. "தைரியமா பேசுறான் பாருங்க" என்று அவன் தலைக்கு மேலே ரத்தினபாயிடம் சொன்னார்கள். வருகிறவர்களுக்குக் காபி போட்டுப் போட்டு ரத்தினபாய்க்கு ஜெல்லி டப்பாவைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை.

அதில் ஒரு நன்மை விளைந்தது. புதன்கிழமை மத்தியானம் கண்ணாடியில் பார்த்த ஜோனத்தான் நின்ற இடத்திலேயே நின்றான். பொருக்கு கட்டியிருந்தது. கருகருவென்று, உருண்டையாக, ஓரம் சுத்தமாக. விக்கியை வரவழைத்தான். விக்கி தள்ளி நின்று பார்த்தான், கிட்டே வந்து பார்த்தான், போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

"மச்சான், சத்தியமா சொல்றேன், ஒரிஜினல விட சூப்பரா கீதுடா."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமா?"

"நீ சிரிக்காத. அழுவாத. தும்மாத. அவ்ளோதான்."

ஜோனத்தான் சிரிக்காமல், அழாமல், தும்மாமல் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் எதிர்வீட்டு சந்திரிகா அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். நோயாளிப் பிள்ளைக்கென்று காரசாரமாக மிளகு ரசம். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை நகர மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அவன் டம்ளரை முகத்துக்கருகே கொண்டுபோனான். ஆவி குப்பென்று அடித்தது. கன்னத்தில் என்னவோ இளகுவதுபோல் இருந்தது. ரசத்தில் 'டொப்' என்று ஒரு மெல்லிய சத்தம்.

ஜோனத்தான் டம்ளருக்குள் பார்த்தான். ஏறக்குறைய இருபது மிளகு மிதந்தது. எது மிளகு, எது மச்சம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"குடிப்பா. ஆறிடப் போவுது" என்றாள் சந்திரிகா அக்கா.

"அம்மா!" என்று அலறினான். "நான் பாக்காதப்போ நீ ஏதாவது..."

"ஒரு பொட்டுடா. ஒரே ஒரு பொட்டு" என்றாள் ரத்தினபாய், அடுக்களையிலிருந்து தலையை மட்டும் நீட்டி. "அவ்வளவு அழகா வந்திருக்கே, வெடிச்சிடப் போகுதேன்னு சுத்தி லேசா வெச்சேன்."

வடிகட்டியில் ரசத்தை வடித்து, மிளகுகளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒட்டிப் பார்க்கலாமா என்றுகூட அவன் யோசித்தான். சந்திரிகா அக்கா எதிரே இருந்ததால் செய்யவில்லை. கண்ணாடியில் பார்த்தான். பொருக்கு இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல். தழும்பு இல்லை, குழி இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டருக்கு அவ்வளவு கைராசி.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு விக்கி அவனை பைக்கில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். விக்கியின் அக்கா ஓவியா மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், புருவப் பென்சிலை எடுத்துக்கொண்டு அவன் கன்னத்தைத் தொட்டதும் நிறுத்தினாள்.

"இன்னாடா இது, வழவழன்னு கீது? பசை மேல பென்சிலு நிக்காதே. தொடச்சிடட்டா?"

"வேணாம்கா. தேய்க்கக் கூடாது, புதுத் தோல் காயக் கூடாதுன்னு எழுதியே கொடுத்திருக்காங்க." பையிலிருந்து கிளினிக் தாளை எடுத்துக் காட்டினான். அந்தத் தாளை அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

"அப்ப எனக்குத் தெரியாது. வழிஞ்சா என்ன கேக்காத" என்று சொல்லி, ஜெல்லியின் மேலேயே ஒரு மச்சத்தை வரைந்தாள். கைதேர்ந்தவள். உயிரோடு இருப்பதுபோல் இருந்தது.

உயிரோடுதான் இருந்தது. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போது கன்னத்தின் நடுவில் இருந்த மச்சம், கூடுவாஞ்சேரியில் அரை விரல் கீழே வந்தது. பெட்டியில் நல்ல கூட்டம், மே மாதப் புழுக்கம். விக்கி ஒரு விரலால் அதை மேலே தள்ளினான். பொத்தேரியில் மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினான். ஒவ்வொரு தள்ளலுக்கும் மச்சம் கொஞ்சம் பெரிதானது.

"விக்கி, இப்போ எங்கே இருக்கு?"

"மறைமலை நகரு."

"ஸ்டேஷனைக் கேக்கலடா, மச்சத்தைக் கேக்கறேன்!"

"அது தாடைக்கு வந்துச்சு. நீ தலைய இந்தாண்ட சாச்சுக்கோ."

சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறிய ஒரு பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, "தம்பி, மூஞ்சில ஏதோ பூச்சி போகுது" என்று தட்டிவிடக் கையை ஓங்கினார். விக்கி நடுவில் புகுந்து காப்பாற்றினான். செங்கல்பட்டில் இறங்கும்போது மிளகளவு மச்சம் கொத்துக்கடலை அளவாகியிருந்தது. ஆனால் வலது கன்னத்தில்தான் இருந்தது. அதுவே பெரிய விஷயம் என்று ஜோனத்தான் மனதைத் தேற்றிக்கொண்டான்.

நான்காவது மேஜையில் அதிகாரி சத்யநாராயணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அலுவலக உதவியாளர் எல்லம்மா. அவள் சான்றிதழை வாங்கி ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பாள். அவர் நிமிராமலே பட்டியலில் டிக் போடுவார். ஜோனத்தானுக்கு முன்னால் இருந்த மூன்று பேர் பத்து நிமிடத்தில் முடிந்து போய்விட்டார்கள்.

"பேரு ஜோனத்தான்" என்று எல்லம்மா படித்தாள். டிக். "பொறந்த தேதி சரியா கீது." டிக். "பள்ளிக்கூடம்." டிக். "வலது கன்னத்துல ஒரு மச்சம்."

பேனா டிக் போட இறங்கிக்கொண்டிருந்தது.

"இதோ சார்!" என்று ஜோனத்தான் மேஜை மேல் குனிந்து வலது கன்னத்தை நீட்டினான்.

பேனா நின்றது. சத்யநாராயணன் நிமிர்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, அது நகருது."

"வெயில் சார்."

"வெயில்ல மச்சம் நகருமா?"

"சார், என்கிட்ட வேற ஆதாரமும் இருக்கு" என்று ஜோனத்தான் பையைத் திறந்தான். ஞானஸ்நானத்திலிருந்து கல்லூரி வரைக்கும் பதினான்கு புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் மச்சத்துக்குச் சிவப்பு மையில் அம்புக்குறி. அதற்கடியில் போதகரின் கடிதம்.

சத்யநாராயணன் கடிதத்தைப் படித்தார். ஒரு தடவை திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"மச்சத்துக்குக் குடிப்பழக்கம் இல்லையா?"

"இல்ல சார்."

"ஓரமா உக்காருங்க" என்றார். அவன் சான்றிதழ்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு உள்ளே பெரிய அதிகாரியின் அறைக்குப் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

ஜோனத்தான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். விக்கி வாசலுக்கு வெளியிலிருந்து "இன்னா ஆச்சு?" என்று சைகையில் கேட்டான். ஜோனத்தான் சாத்திய கதவைக் காட்டினான். அரை மணி நேரம் ஆயிற்று. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் பக்கத்து மேஜையில் முடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். மூன்று வருடம் மாடிப்படி ஏறி இறங்கியது, கூரியர் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்த ராஜினாமாக் கடிதம், நாளை முதல் வீட்டுக்கு வரப்போகும் இளநீர்க் குலைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. கண் கலங்கியது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மச்சத்தையும் கூட்டிக்கொண்டு கழுத்துக்குப் போனது.

டீ எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த எல்லம்மா அவன் முன்னால் நின்றாள்.

"இன்னா தம்பி, அழுவுற? இன்னாதான் கத உன்து?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லேசர், ஜெல்லி, அம்மாவின் விரல், பொருக்கு, ரசம், புருவப் பென்சில். நடுவில் பேண்ட்டைச் சுருட்டி, தழும்பில்லாத இடது முழங்காலையும் காட்டினான். எல்லம்மா டீத் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட பேஜாரு புடிச்ச புள்ளயே! எவனோ பேப்பர பாத்து மச்சம் வரைஞ்சிகினு வந்துகிறான், ஆள் மாறாட்டம்னு உள்ள பேசிகினு கீறாங்க. நான் போய் சொல்லி டிக்கு வாங்கித் தரேன். நீ மொதல்ல அந்தக் கொழாயாண்ட போய் மூஞ்சிய சோப்பு போட்டு கழுவிகினு வா."

"கழுவினா மச்சம் போயிடுமேக்கா! பேப்பர்ல வலது கன்னத்துல மச்சம்னு இருக்கே?"

"உங்க இஸ்கோலு, உங்க வகுப்பு பசங்க நேத்தும் இன்னிக்குமா ஏழு பேரு வந்துட்டுப் போய்ட்டாங்க தம்பி. ஏழு பேரு பேப்பர்லயும் வலது கன்னத்துல மச்சம், எடது முட்டில தழும்புன்னுதான் கீது. மச்சத்தோட வந்து நின்ன மொத ஆளு நீதான். அதான் சாருக்கு டவுட்டு வந்துச்சு."